காட்சிப் பெட்டியும் கோச்சியும்

கொழும்பிலிருந்து பதுளைக்கு ரயிலில் போக நினைப்பவர் முதலில் கேட்பது: காட்சிப் பெட்டியா, மூன்றாம் வகுப்பா? சௌகரியம் பற்றிய இந்தக் கேள்விக்குள் ஒரு வரலாறு கிடக்கிறது.

இந்தப் பாதை காட்சிக்காகப் போடப்பட்டதல்ல. கோப்பியைத் துறைமுகத்துக்கு இறக்கப் போட்டது. 1867இல் ரயில் கண்டியை எட்டியது. அதே காலத்தில் தமிழகத்திலிருந்து போன தோட்டக் கூலிகள் மன்னாரில் இறங்கி, காடு கடந்து, மாத்தளைக்கு நடந்துகொண்டிருந்தார்கள். வழியிலேயே காலராவில் செத்தவர்கள் ஏராளம். மூட்டைக்கு ரயில், மனுஷனுக்குக் கால்நடை. கோப்பி நோயில் அழிந்து தேயிலை வந்தது. தண்டவாளம் 1885இல் நானுஓயாவையும் 1924இல் பதுளையையும் தொட்டது. ஜன்னல்வழி நாம் ரசிக்கிற ‘இயற்கை’, காடழித்து இவர்கள் நட்ட தோட்டம்.

1948இன் குடியுரிமைச் சட்டம் இவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், இவர்களைக் கேட்காமலேயே, 5,25,000 பேரை இந்தியாவுக்கு ஒதுக்கியது. பிறகு ரயில் ஆட்களை ஏற்றியது, தலைமன்னாருக்கு, திருப்பி அனுப்ப. மலையக மக்களுக்கு ரயில் என்றால் கோச்சி. இதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘ஒப்பாரிக் கோச்சி’.

காட்சிப் பெட்டியின் கண்ணாடிக்கு வெளியே கொழுந்து கிள்ளும் பெண் மலையின் ஒரு பகுதி. பச்சைக்கு நடுவே ஒரு நிறம், அவ்வளவுதான். மூன்றாம் வகுப்பில் அவள் சக பயணி. “கொஞ்சம் தள்ளி உக்காருங்க” என்பாள். தள்ளி உட்காருவதால் வரலாற்றின் கடன் தீர்ந்துவிடாது. ஆனாலும் பார்க்கப்படுகிறவள் பேசத் தொடங்கும் இடம் அதுதான். கோச்சியில் ஏறுவோம்.