கொதிநீரிலும் மாளாத வித்து

கொதித்த நீரில் உயிர் எதுவும் தங்காது என்பது அடுப்பெரிப்போர் யாவரும் கொண்டுள்ள நம்பிக்கை. ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னர் அறிஞர் பலரும் அவ்வாறே எண்ணினர். அவ்வெண்ணம் தகர்ந்த வரலாறு கேட்கத்தக்கது.

உயிரற்ற பொருளிலிருந்து உயிர் தானாகத் தோன்றுமா? தோன்றாது என 1860களிற் பிரான்சிலே லூயி பாஸ்டர் பரிசோதனைகளாற் காட்டினார். தோன்றும் என இங்கிலாந்தில் ஹென்றி பாஸ்டியன் என்ற வைத்தியர் வாதாடினார். அவரை மறுக்க எழுந்தவர் இலண்டனைச் சேர்ந்த பௌதிக அறிஞர் ஜோன் டின்டல். இறைச்சி, மீன், காய்கறி ஆகியவற்றின் சாற்றை ஐந்து நிமிடம் கொதிக்கவைத்து, தூசியற்ற காற்றில் விட்டார், சாறு கெடவில்லை. 1876இன் தொடக்கத்தில் அம்முடிவை வெளியிட்டார்.

அவ்வாண்டின் இலையுதிர் காலத்திலே சோதனை வந்தது. முன்பு தெளிந்து நின்ற சாறுகள் இப்போது கொதித்தபின்னும் கலங்கின. மணிக்கணக்காகக் கொதிக்கவைத்தும் பயனில்லை. எதிரியின் வாதமே வென்றுவிடும் போலிருந்தது. டின்டல் தோல்வியை மறைக்கவில்லை, காரணத்தைத் தேடினார். ஆய்வுகூடத்துக்குக் கொண்டுவந்திருந்த பழைய உலர்புற் கட்டின்மீது ஐயம் விழுந்தது. கியூ பூங்காவிலுள்ள ஆய்வுகூடத்துக்குச் சென்று செய்தபோது சாறு மீண்டும் தெளிந்தே நின்றது. குற்றம் சாற்றில் அன்று. புல்லின் தூசியிலேயே இருந்தது.

அத்தூசியில் இருந்தது யாது? பிரெஸ்லௌ நகரத்துப் பேர்டினண்ட் கோன் 1876இலேயே விடை கண்டிருந்தார். உலர்புல்லில் வாழும் பற்றீரியா தன்னுள்ளே தடித்த உறையுடைய வித்தியை உண்டாக்குகிறது. உறங்கும் வித்தி கொதிநீரைத் தாங்கும்; முளைத்தபின்னரோ எளிதில் மடியும்.

இவ்வேற்றுமையையே டின்டல் 1877இற் பயன்படுத்தினார். சாற்றைச் சிறிது நேரம் கொதிக்கவைத்து ஆறவிட்டார். எஞ்சிய வித்திகள் முளைக்கத் தொடங்கும் வேளையில் மறுபடியும் கொதிக்கவைத்தார். இவ்வாறு பலமுறை செய்தார். இடைவிடாத நீண்ட கொதிப்பால் ஆகாதது, இடைவிட்ட குறுங்கொதிப்பாற் கைகூடியது. பின்னர் பாஸ்டரின் உதவியாளர் சாம்பர்லாண்ட் அமுக்க நீராவிக் கலத்தை அமைத்தார். அதிலே 121 பாகை சதமத்தில், 15 நிமிட அளவில், வித்திகளும் அழிகின்றன.

அழிந்தனவா என அறிவது எங்ஙனம்? வெப்பத்தை மிகத் தாங்கும் ஒருவகைப் பற்றீரியாவின் வித்திகளை, வைத்தியசாலைக் கருவிகளுடன் கலத்தில் வைத்து எடுக்கின்றனர். பின் அவற்றுக்கு உணவும் உகந்த சூடும் அளித்துக் காத்திருக்கின்றனர். முளைத்தால், அக்கருவிகளை நோயாளியின் உடலிலே படவிடலாகாது. டின்டலுக்குக் கலங்கிய குடுவை உரைத்த உண்மையை, இன்று இவ்வித்திகள் நமக்கு உரைக்கின்றன.