மருளும் மிரளும்: நிலைமாறும் உள்ளத்தைக் குறிக்கும் சில சொற்களின் வரலாறு

ஒரு நேரம் இருந்தவாறு மற்றொரு நேரம் இராத மக்களையும் உயிர்களையும் குறிக்கத் தமிழில் வழங்கும் சொற்கள் பலவாகும். மருள், வெறி, பித்து, கிறுக்கு, முசுடு என்பன அவற்றுட் சில. இவற்றுட் பெரும்பாலன இன்று வசைச்சொற்களாகவே கொள்ளப்படுகின்றன. ஆயின், முதல் நான்கும் தொடக்கத்தில் ஆளைச் சுட்டாது, ஆளிடத்து வந்து நீங்கும் நிலையையே சுட்டின என்பது எம் கருத்து. அதனை ஈண்டுச் சுருங்க ஆராய்வாம்.

மருள் என்பதனை முதற்கண் நோக்குவோம். தொல்காப்பியர் கூறும் எண்வகை மெய்ப்பாடுகளுள் மருட்கையும் ஒன்று. புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்னும் நான்கும் அது பிறத்தற்குரிய நிலைக்களன்கள். எனவே, ஆண்டு அது வியப்பின்பாற்பட்டது. இழிவுப்பொருள் அதற்கு இல்லை.

இச்சொல் நூல்வழக்கோடு நின்றுவிடவில்லை. சேலத்திற்கும் திருச்செங்கோட்டிற்கும் இடையே, 1997இல் நாமக்கல் மாவட்டம் பிரியும்வரை சேலம் மாவட்டத்தில் இருந்த மல்லசமுத்திரத்துச் சமவெளியிலும், தமிழகத்தின் பிற பகுதிகளிலும், திடுமெனக் கலங்கி ஓடும் எருதை 'மிரளுகிறது' என உழவர் கூறுவர். மிரள் என்பது மருள் என்பதன் திரிபே. இருண்டதெல்லாம் பேயாகத் தோன்றும் எனும் பழமொழியை 'மருண்டவன் கண்ணுக்கு' எனவும் 'மிரண்டவன் கண்ணுக்கு' எனவும் மக்கள் தொடங்குதல் இதற்குச் சான்றாம். சாது மிரண்டால் காடு கொள்ளாது என்னும்போதும், மிரட்சி சாதுவின் இயல்பன்று. அவன்மேல் வந்துற்ற நிலையே என்பது வெளிப்படை.

வெறி என்பதும் இத்தகையதே. பழந்தமிழில் அது முருகனை முன்னிட்டு வேலன் ஆடும் ஆட்டத்திற்குப் பெயர். ஐங்குறுநூற்றில் 'வெறிப்பத்து' என ஒரு பகுதி உண்டு. வெறிபாடிய காமக்கண்ணியார் என்னும் புலவர் பெயரும் அறியத்தக்கது. மணம், கள் என்னும் பொருள்களும் இச்சொல்லுக்கு உள. இக்காலத்து வெறிநாயை நினைந்து சங்கப்பாடலைப் படிக்கும் மாணவர் பொருளை இழப்பர்.

பித்து மருத்துவ வழியில் வந்த வடசொல். உடலின் மூவகைக் கூறுகளுள் ஒன்றாகிய பித்தம் மிகின் அறிவு திரியும் என்பது பழைய மருத்துவர் கொள்கை. ஆகவே பித்து நோயின் பெயர், பித்தன் நோயுற்றவன். பின்னரே அது வசையாயிற்று. அவ்வசையும் ஒருகால் வாழ்த்தாக மாறியது. தம்மை அடிமை என வழக்கிட்ட முதியவரைச் சுந்தரர் பித்தன் என இகழ்ந்தார். இறைவன் திருவெண்ணெய்நல்லூரில் அச்சொல்லையே முதலாக வைத்துப் பாடுமாறு பணித்தான் எனப் பெரியபுராணம் கூறும்.

கிறுக்கு, தலை சுழலுதலை உணர்த்தும் கிறுகிறுத்தல் என்பதனோடு இனமுடையது. சுழற்சி நிற்கும், கிறுக்கன் என்ற பெயரோ நிற்பதில்லை. ஈறு பெற்ற அளவில் நிலைப்பெயர் ஆட்பெயராகிவிடுகிறது. முசுடு மட்டும் வேறு நெறியினது. தொட்டாற் கடிக்கும் செவ்வெறும்பின் பெயர் எளிதிற் சினப்பவனுக்கு உவமையால் ஆகிவந்தது.

இம்மாற்றம் தமிழுக்கே உரியதன்று. ஆங்கிலேயர் 1912இல் இயற்றிய இந்திய 'லூனசி' சட்டத்தின் பெயர், இலத்தீனில் திங்களைக் குறிக்கும் 'லூனா' என்பதன் வழிவந்தது. திங்களின் வளர்தேய்வால் அறிவு திரியும் என்னும் பழநம்பிக்கை அதனுட் பொதிந்தது. 1987இல் வந்த மனநலச் சட்டம் அப்பெயரைக் கைவிட்டது. 2017ஆம் ஆண்டுச் சட்டம் மனநலப் பராமரிப்பைத் தன் பெயராக்கிக்கொண்டது. சட்டம் தன் சொல்லைத் திருத்திக்கொண்டது. வழக்குமொழியில் நோயின் பெயர் இன்னும் வசையாகவே வழங்குகிறது.

அகராதி தொகுப்போர்க்கு இதனால் ஒரு கடமை உண்டு. கி. ராஜநாராயணன் கரிசல் வட்டாரத்திற்கு 1982இலும், பெருமாள்முருகன் கொங்கு வட்டாரத்திற்கு 2000இலும் சொல்லகராதிகள் அளித்துள்ளனர். இவ்வழியிற் செல்வோர், ஒரு சொல் நிலையைக் குறிக்கிறதா, ஆளைக் குறிக்கிறதா, எவ்வினையோடு முடிகிறது என்பவற்றையும் குறித்தல் வேண்டும். 'பித்துப் பிடித்தது' என்பதும் 'அவன் பித்தன்' என்பதும் ஒன்றல்ல. முன்னதில் நோய் நீங்க இடமுண்டு, பின்னதில் இல்லை. நம் முன்னோர் இட்ட சொற்கள் அவ்விடத்தை விட்டே வைத்தன என்பது இவ்வாராய்ச்சியாற் போதரும்.