சொந்த அடுப்பில்லாத கிருமி: தொழுநோயின் வரலாற்றில் ஒரு பக்கம்



தொழுநோய் என்றால் பழைய காலத்துக் கதை என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். ஆனால் இலங்கையில் வருடத்துக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட புதிய நோயாளர்கள் கண்டறியப்படுகிறார்கள். நமது கிழக்கு மாகாணத்திலும் இருக்கிறார்கள், பாடசாலைப் பிள்ளைகளும் அதில் அடக்கம்.

நோர்வேயின் பெர்கன் நகரில் ஹான்சன் என்ற வைத்தியர் இந்தக் கிருமியைக் கண்டது 1873 இல். அதுவரை ஐரோப்பிய வைத்தியர்கள் பலர் இதைப் பரம்பரை நோய் என்றே நம்பியிருந்தார்கள். கிருமிதான் காரணம் என்று நிரூபிக்க அதை ஆய்வுகூடத்தில் வளர்த்துக் காட்ட வேண்டும். ஹான்சனால் முடியவில்லை. கடைசியில் 1879 இல், ஒரு பெண் நோயாளியின் கண்ணில் அவருடைய சம்மதம் இல்லாமலே வேறொரு நோயாளியின் கிருமியைச் செலுத்திப் பார்த்தார். வழக்குப் போட்டார்கள்; வைத்தியசாலைப் பதவி பறிபோனது. ஒரு கிருமி வளர மறுத்ததால் ஒரு ஏழைப் பெண்ணின் கண் சோதனைப் பொருளானது. ஹான்சனைப் புகழும் புத்தகங்கள் பலவற்றில் இந்தப் பகுதி ஓரிரு வரியில் முடிந்துவிடும்.

அந்தக் கிருமி இன்றுவரை கண்ணாடித் தட்டில் வளரவில்லை. 1960 இல் ஷெப்பர்ட் என்ற அமெரிக்கர் எலியின் பாதத்தில் வளர்த்தார். உடலின் குளிர்ந்த பகுதிதான் அதற்குப் பிடிக்கும். 1971 இல் ஆர்மடில்லோ என்ற ஓடுள்ள பிராணியில் பெருமளவில் வளர்ந்தது; அதன் உடல் வெப்பம் நம்முடையதைவிடக் குறைவு. அப்போதும் ஒரு கிருமி இரண்டாக ஏறக்குறைய இரண்டு வாரம் எடுத்தது. பல பற்றீரியாக்களுக்கு அரை மணித்தியாலம்கூடத் தேவையில்லை.

காரணம் 2001 இல்தான் தெளிவானது. அதன் பரம்பரை அலகுகளை முழுமையாக வாசித்தபோது, வேலை செய்பவை சுமார் 1,600. செயலிழந்து கிடப்பவை 1,100 க்கு மேல். நெருங்கிய உறவான காசநோய்க் கிருமிக்கோ சுமார் 4,000 உண்டு. உணவைச் சக்தியாக்கும் அனுசேப வழிகளில் பலவற்றை இது இழந்துவிட்டது. சொந்த அடுப்பை உடைத்துப் போட்டுவிட்டு வீட்டுக்காரரின் பானையை நம்பிப் பிழைப்பது போன்ற நிலை.

அந்த வீட்டுக்காரர் நமது கலம்தான். கிருமிகளை விழுங்கி அழிக்க வேண்டிய வெண்கலத்துக்குள் புகுந்து, அங்கே கொலஸ்திரோலும் கொழுப்பும் துளித்துளியாகச் சேரும்படி செய்துவிடுகிறது. நுரைபோலத் தெரியும் இந்தக் கலங்களை ஜெர்மானிய வைத்தியர் விர்க்கோ 19 ஆம் நூற்றாண்டிலேயே விவரித்திருந்தார். அந்த நுரை நமது உடலின் கொழுப்பு என்பது வெகுகாலம் கழித்துத்தான் புரிந்தது. நரம்பைச் சுற்றியிருக்கும் சுவான் கலத்துக்குள் போனாலோ, அந்தக் கலம் வழமையைவிட அதிக குளுக்கோசை உள்ளெடுக்கத் தொடங்குகிறது. நரம்பு பாதிக்கப்படுவதால்தான் தேமலில் உணர்ச்சி இல்லாமல் போகிறது. விரல் தானாக உதிர்வதில்லை. சுட்டாலும் வெட்டினாலும் தெரியாததால் காயம் முற்றிப் போகிறது.

தட்டில் வளராத கிருமிக்கு மருந்து தேடுவதும் சுலபமாக இருக்கவில்லை. 1941 இல் அமெரிக்காவின் கார்வில்லில் கொடுத்துப் பார்த்த சல்போன் மருந்து வேறு நோய்களுக்கான ஆராய்ச்சியிலிருந்து வந்தது. டப்சோன் மாத்திரைக்குக் கிருமி பழகிவிட்டது என்பதை 1964 இல் மலேசிய நோயாளிகளிடம் உறுதிப்படுத்தியதும் அந்த எலிப்பாதம்தான். அதன் பிறகு 1981 இல் உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்தைச் சிபாரிசு செய்தது.

அதற்கிடையில் மனிதர்களை அடைத்து வைத்தார்கள். ஹெந்தளையில் ஒல்லாந்தர் கட்டிய தொழுநோய் வைத்தியசாலை 1708 ஆம் ஆண்டுக்குரியது. 1901 இல் ஆங்கிலேயர் சட்டமே கொண்டுவந்தார்கள். மட்டக்களப்பு வாவிக்குள் இருக்கும் மாந்தீவை நமது மூத்தவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இத்தனைக்கும், டமஸ்கஸில் உமையா கலீபா வலீத் தொழுநோயாளர்கள் பிச்சையெடுக்காதிருக்க உதவித்தொகை ஒதுக்கியதாக முஸ்லிம் வரலாற்றாசிரியர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள்.

இன்னொன்று: வெண்குஷ்டம் என்று நாம் சொல்வது தொழுநோயே அல்ல. அது தோலின் நிறம் போவது, தொற்றாது. அந்தப் பெயரால் எத்தனை கலியாணங்கள் குழம்பியிருக்கின்றன!

உணர்ச்சியில்லாத வெளிறிய அல்லது சிவந்த தேமல் இருந்தால் அரசாங்க வைத்தியசாலையின் தோல் கிளினிக்கில் காட்டலாம். மருந்து இலவசம், 6 அல்லது 12 மாதம். தொடங்கிய சிறிது காலத்திலேயே மற்றவருக்குத் தொற்றுவது நின்றுவிடும். ஹெந்தளையில் நோய் முழுதாகக் குணமான பிறகும் வயோதிபர்கள் சிலர் அங்கேயே தங்கிவிட்டார்கள். வீட்டில் ஏற்றுக்கொள்ளவில்லை.