வோல்கா கரையில் ஆதுவின் எலும்புகள்

அரபு இலக்கியத்தில் ‘அஜாயிப்’ என்றொரு நூல்வகை உண்டு. உலகின் விந்தைகளைத் தொகுத்துரைக்கும் இந்நூல்களைக் குறித்து நம்மிடையே இருவகை மனப்பாங்கு நிலவுகின்றது. முன்னோர் எழுதியவை, ஆகவே அனைத்தும் மெய் என்பர் ஒரு சாரார். பூதக் கதைகள், ஆகவே அனைத்தும் பொய் என்பர் மறு சாரார். இரு சாராருமே நூலைப் படிக்கும் உழைப்பிலிருந்து தப்பித்துக் கொள்கின்றனர். ஹிஜ்ரி ஆறாம் நூற்றாண்டில் வாழ்ந்த அபூ ஹாமித் அல்-கர்நாத்தி என்னும் யாத்திரிகரைக் கொண்டு இதனை விளக்கலாம்.

ஹிஜ்ரி 473இல் (கி.பி. 1080) ஸ்பெயின் நாட்டுக் கிரனடா நகரில் பிறந்த இவர், வாழ்நாளின் பெரும்பகுதியை அந்நிய மண்ணிலேயே கழித்தார். இஸ்கந்தரிய்யா, கெய்ரோ, பக்தாத், காஸ்பியன் கடற்கரை, வோல்கா ஆற்றுப்படுகை, ஹங்கேரி என அவருடைய பயணம் நீண்டது. மன்னர்களின் வரலாற்றைவிடப் பெருமீன்களிலும் இராட்சத உருவங்களிலுமே அவர் மனம் தோய்ந்து நின்றது. பக்தாதில் அமைச்சர் இப்னு ஹுபைராவுக்காக ‘அல்-முஃரிப்’ என்னும் நூலையும், எண்பது வயதைக் கடந்தபின் 1162இல் மௌஸில் நகரில் ‘துஹ்ஃபத்துல் அல்பாப்’ என்னும் நூலையும் யாத்தார். திமிஷ்க் நகரில் ஹிஜ்ரி 565இல் அவரது வாழ்வு முடிந்தது.

அவர் ஹிஜ்ரி 530இல் (கி.பி. 1135-36) தங்கியிருந்த புல்கார், வோல்காக் கரையில் இருந்த முஸ்லிம் நகரம். பக்தாத் கலீஃபாவின் தூதுக்குழுவுடன் இப்னு ஃபள்லான் அந்நாட்டுக்கு வந்தது 922ஆம் ஆண்டில். இன்று ரஷ்யாவின் தத்தாரிஸ்தானில் உள்ள அந்நகரின் சிதைவுகளை யுனெஸ்கோ 2014இல் உலக மரபுச் சின்னமாக ஏற்றது. அங்கே குளிர்காலத்தில் நிலம் கல்லாக இறுகிவிடும். அபூ ஹாமிதின் மகன் ஒருவர் அங்கு இறந்தபோது, குழி தோண்ட இயலாமல் மையித்தை மூன்று மாதம் வீட்டிலேயே வைத்திருக்க நேர்ந்தது. அப்பெருந்துயரை அவர் அலங்காரம் ஏதுமின்றி எழுதிச் செல்கிறார். கதை புனைவோரின் குரல் அதுவன்று.

அதே மனிதர்தாம், புல்காரில் ஆது சமூகத்தின் வழிவந்த ஒருவரைக் கண்டதாகவும், அவருடைய உயரம் ஏழு முழத்துக்கும் மேல் எனவும் எழுதுகிறார். அந்த மாமனிதரின் சகோதரி தன் கணவனை மார்போடு அணைத்தே விலா எலும்புகளை நொறுக்கிக் கொன்றாள் என்பதையும் சேர்க்கிறார். ஆனால் பின்னதை அவர் காணவில்லை; அவ்வூர்க் காழி சொல்லக் கேட்டது என்று ஒளிவின்றிக் கூறிவிடுகிறார். ஹதீஸ் கலை பயின்றோர்க்கு இவ்வேறுபாட்டின் மதிப்பு தெரியும். கண்டது வேறு, கேட்டது வேறு. கண்டதிலும் வியப்பு அளவுகோலை நீட்டிவிடுவதுண்டு. நம்பத்தகுந்த முறையில் அளக்கப்பட்டவர்களுள் மிக உயரமானவர், 1940இல் இறந்த அமெரிக்கர் ராபர்ட் வாட்லோ. அவரது உயரம் 272 செ.மீ.; அவரே ஆறு முழத்தை எட்டவில்லை.

இனி எலும்புகளைப் பார்ப்போம். ஆது மக்களுடையது என நம்பப்பட்ட ஒரு பல்லைக் கண்டதாகவும், அது நான்கு சாண் நீளமும் இரண்டு சாண் அகலமும் கொண்டது எனவும் அபூ ஹாமித் குறிக்கிறார். வேறோர் இடத்தில், அந்நாட்டு மண்ணுக்கடியில் யானைத் தந்தம் போன்ற கொம்புகள் கிடைக்கின்றன என்கிறார். அவை பனிபோல் வெண்மையும் ஈயம்போல் கனமும் உடையவை. குவாரிஸ்முக்கு ஏற்றுமதியாகிச் சீப்பும் பேழையும் ஆகின்றன. எந்த விலங்கினுடையவை என்பது அறியப்படவில்லை என எழுதுகிறார்.

அறியப்படாத அவ்விலங்கை இன்று நாம் அறிவோம். பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் அவ்வடபுலத்தில் திரிந்து, பின் அற்றுப்போன மாமூத் என்னும் உரோம யானை அது. அதன் கடைவாய்ப் பல் ஏறத்தாழ ஓர் அடி நீளம் இருக்கும். அது வாழும் யானையினின்று வேறான இனம் என்பதைப் பிரெஞ்சு அறிஞர் குவியே 1796இல் எடுத்துக்காட்டினார். பல்லையும் தந்தத்தையும் ஒரே ஊரில் வைத்துப் பார்த்த அபூ ஹாமித், ஒன்றை மனிதனுக்கும் மற்றொன்றைப் பெயரறியா விலங்குக்கும் உரியதாக்கினார். ‘யானைத் தந்தம் போன்றது’ என்று அவரே எழுதிய சொற்களில் விடையின் பாதி இருந்தது. இரண்டையும் இணைக்க அவருக்குத் தோன்றவில்லை. ஆனால் அறியாததை ‘அறியப்படவில்லை’ என்று எழுதிவைத்தாரே, அந்த நேர்மையினால்தான் எட்டரை நூற்றாண்டுகளுக்குப் பின்னும் அவர் சாட்சியம் நமக்குப் பயன்படுகிறது. அவருடைய விளக்கம் விழுந்தது, சாட்சியம் நின்றது.

இதனால் மார்க்க நம்பிக்கைக்கு ஊறு உண்டோ எனச் சிலர் அஞ்சலாம். திருக்குர்ஆன் ஆது சமூகத்தின் வலிமையையும் ஆணவத்தையும் அழிவையும் கூறுகிறது. அவர்கள் வாழ்ந்த இடம் அஹ்காஃப் மணற்குன்றுகள் என்கிறது. வோல்காக் கரையில் அவர்களுடைய பற்கள் கிடக்கும் என்று அது எங்கும் கூறவில்லை. அது மக்கள் வழக்கு, வேதவாக்கன்று.

இதை வலியுறுத்த வேண்டிய தேவை இன்றும் உள்ளது. 2004ஆம் ஆண்டளவில், அரபுப் பாலைவனத்தில் தோண்டியெடுக்கப்பட்ட ஆது மனிதனின் எலும்புக்கூடு என ஒரு படம் உலகெங்கும் பரவியது. அது 2002இல் படங்களை மாற்றியமைக்கும் போட்டி ஒன்றுக்காகக் கணினியில் செய்யப்பட்டது. நம் வீடுகளிலும் அதனைக் கண்டு ‘சுப்ஹானல்லாஹ்’ என்று வியந்தோர் உண்டு. அவர்களது ஈமானைக் குறைகூறுவதற்கில்லை. ஆயின் பொய்யை முட்டுக்கொடுத்து நிறுத்த வேண்டிய நிலையில் வேதம் இல்லை. அப்படி முட்டுக்கொடுப்போர், அப்பொய் சரியும் நாளில் இளைஞர்களின் உள்ளத்தில் எது சேர்ந்து சரியும் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

அபூ ஹாமித் பனியில் நடந்து சென்று, பல்லைப் பார்த்து, சொன்னவர் யார் என்பதையும் குறித்து வைத்தார். இன்று நமக்கு அத்தனை தொலைவு நடக்க வேண்டியதில்லை. ஒரு செய்தியைப் பிறருக்கு அனுப்புமுன், ‘இதைக் கண்டவர் யார்?’ என்று கேட்டாலே போதும். அறிவிப்பாளரை விசாரித்த பின்னரே அறிவிப்பை ஏற்ற பெருமக்களின் வழிவந்தோர்க்கு அக்கேள்வி புதிதன்று.