பழவேற்காட்டின் திறந்த கதவு

பழவேற்காட்டு ஏரியின் ஆழமில்லாத கலங்கல் நீரில், பனையோலைப் பறியைப் பல்லால் கவ்விக்கொண்டு, இரு கைகளாலும் சேற்றைத் தடவித் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களைக் காணும்போதெல்லாம், நூல் வாசிப்பதும் இத்தகைய தொழிலே என்று எனக்குத் தோன்றும். கண்ணுக்குப் புலனாகாததை விரல் நுனியால் உணர்ந்து எடுப்பதே இரண்டுக்கும் பொதுவான வித்தை.

இந்த ஊரையே தூரதேசத்தார் ஒரு காலத்தில் அவ்விதம் தடவித்தான் அறிந்தார்கள். 1613-இல் டச்சுக்காரர் இங்கே கெல்ட்ரியா கோட்டையை எழுப்பி, 1690 வரையில் சோழமண்டலக் கரை வர்த்தகத்துக்கு இதனையே தலைமை ஸ்தானமாகக் கொண்டிருந்தனர். இங்கே 1632 முதல் பத்தாண்டு காலம் பாதிரியாராக இருந்த ஆபிரகாம் ரோஜேரியஸ், பத்மநாபன் என்னும் பிராமணரிடம் போர்ச்சுகீசிய மொழியில் கேட்டறிந்த ஆசாரங்களையும், ஸம்ஸ்கிருதக் கவி பர்த்ருஹரியின் நீதி, வைராக்கிய வாக்கியங்களையும் தொகுத்தெழுதிய கிரந்தம், அவர் காலமான பின்னர், 1651-இல் லெய்டன் நகரில் வெளிவந்தது. மறைந்துள்ள புறச்சமயத்துக்குத் திறந்த கதவு என்பது அதன் பெயரின் பொருள். ஸம்ஸ்கிருத இலக்கியம் ஐரோப்பிய மொழியொன்றில் அச்சேறியது அதுவே முதல் தடவை. இந்தக் கரையை ஒருநாளும் கண்டிராத ஹாலந்து வாசகன், கோயிலையும் குளத்தையும் தன் மனத்தாலேயே கட்டிக்கொண்டான். பிழைபடக் கட்டினாலும், கட்டியவன் அவனே.

பிறகு சித்திரங்கள் வந்தன. 1672-இல் பால்டேயஸ் பாதிரியார் இக்கரைகளைச் செப்புத்தகட்டுப் படங்களோடு வருணித்தார். 1838-இல் வீட்ஸ்டன் என்னும் ஆங்கில விஞ்ஞானி வெளியிட்ட ஸ்டீரியோஸ்கோப் என்னும் கருவி, கண்ணுக்கொரு படமாகக் காட்டித் தட்டைச் சித்திரத்துக்கு ஆழம் கொடுத்தது. அதன் சந்ததியே இன்று தலையில் மாட்டிக்கொள்ளும் மெய்நிகர் கண்ணாடி.

இடிந்து புதர் மண்டிக் கிடக்கும் கெல்ட்ரியாவை அந்தக் கண்ணாடி நம் பிள்ளைகளுக்கு மறுபடி எழுப்பிக் காட்டுமானால் அது பாக்கியமே. அழிந்துபோனதைப் பிரத்தியட்சமாக்கும் சக்தியை இகழ்வது தகாது. ஆயினும், எல்லாம் கண்முன் நிரம்பிவிட்ட இடத்தில், தேடித் தடவக் கைக்கு வேலையில்லை. வேலையற்ற கை நாளடைவில் தன் நுண்ணுணர்வை இழக்கும். மேலும், மதிலையும் பீரங்கியையும் காட்டவல்ல கருவி, அந்த ஊரில் இரு மனிதர் அமர்ந்து, இருவருக்கும் தாய்மொழியல்லாத ஒரு பாஷையில் வைராக்கியத்தைப் பற்றிப் பேசுகையில், ஒரு சொல்லுக்கு ஈடான சொல் அகப்படாமல் மௌனமாயிருந்திருக்கக்கூடிய அந்த ஒரு கணத்தை எவ்வாறு காட்டும்? அது கலங்கல் நீருக்குள் கிடக்கிறது. வாசகன் கைவிட்டுத்தான் எடுக்க வேண்டும்.