தலைமன்னார் வழி: ஒரு மூன்றாம் வகுப்புப் பயணத்தின் வரலாறு

எமக்குக் கற்பித்த ஆசிரியத் தலைமுறையினர் தமது மாணவப் பருவத்தை நினைவுகூரும்போது ஒரு பயணத்தைப் பற்றிச் சொல்லாது விடுவதில்லை. நண்பர் நால்வர் ஐவர் கூடிக் கையிலிருந்த சொற்பப் பணத்தைத் திரட்டி, கட்டுச்சோற்றுடன் புகையிரதம் ஏறி, தலைமன்னாரிற் கப்பலேறி, தனுஷ்கோடியில் மீண்டும் புகையிரதம் பிடித்து, மதுரையையும் சிதம்பரத்தையும் சென்னையையும் கண்டு திரும்பிய கதை அது. மரவாங்கில் முதுகு நோக இரவைக் கழித்ததும், கப்பலிற் காற்று வாங்கியபடி அரசியல் விவாதித்ததும் அக்கதையில் இன்சுவையோடு இடம்பெறும். அச்சுவையை நாம் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. ஆனால் அதே பாதையில், அதே மூன்றாம் வகுப்பில், எதிர்வாங்கில் அமர்ந்து வந்தவர் யார் என்று கேளாதவரை இப்பயணத்தின் வரலாறு முழுமை பெறாது.

முதலிற் பாதையைப் பற்றிச் சில சொற்கள். 1914க்கு முன்னர் சென்னையிலிருந்து இலங்கை வருவோர் தூத்துக்குடிவரை புகையிரதத்தில் வந்து, அங்கிருந்து கொழும்புக்குக் கப்பலேறினர். 1914ஆம் ஆண்டு பெப்ரவரியிற் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. கப்பல்கள் ஊடறுத்துச் செல்வதற்கு நடுவே இரு பக்கமும் தூக்கித் திறக்கக்கூடிய இரும்புப் பாலம் அது. அதே ஆண்டில் மதவாச்சியிலிருந்து மன்னார்த் தீவின் முனைவரை இலங்கைப் புகையிரதப் பாதையும் நீண்டது. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே எஞ்சிய 22 மைல் கடலை நீராவிக் கப்பல்கள் இணைத்தன. கொழும்புக் கோட்டையில் வாங்கிய ஒரே பயணச்சீட்டுடன் சென்னை எழும்பூர்வரை செல்லுதல் இயல்வதாயிற்று. தபாலையும் சுமந்து சென்றமையால் இச்சேவை 'போட் மெயில்' எனப் பெயர் பெற்றது. யாழ்ப்பாணத்தார் மதவாச்சியில் வண்டி மாறி இதில் ஏறினர்.

இவ்வளவு பெருஞ்செலவில் ஆங்கிலேய ஆட்சி கடலுக்குக் குறுக்கே வழி அமைத்தது மாணவர் ஊர் பார்ப்பதற்காக அன்று. தோட்டத் துரைமாருக்குக் கூலியாட்கள் தேவைப்பட்டனர் என்பதே இதன் முக்கிய காரணங்களுள் ஒன்று. 19ஆம் நூற்றாண்டிற் கோப்பித் தோட்டங்களுக்கு வந்த தமிழகத்து ஏழை விவசாயிகள் தோணியில் மன்னார்க் கரை இறங்கி, காட்டினூடாக மாத்தளைவரை நூறு மைலுக்கு மேற்பட்ட தூரத்தை நடந்தே கடந்தனர். வாந்திபேதியாலும் பசியாலும் வழியில் மாண்டோர் பலர். கோப்பி அழிந்து தேயிலை தழைத்தபோது நிலைமை மாறியது. பருவத்துக்கு வந்து போகும் ஆட்கள் போதாமல், ஆண்டு முழுவதும் தோட்டத்திலேயே தங்கி உழைக்கும் குடும்பங்கள் வேண்டியனவாயின. வழியில் ஆட்கள் சாவது துரைமாருக்கு நட்டமாகவும் தோன்றியது. ஆகவே காட்டுப்பாதையின் இடத்திற் பிற்காலத்திற் புகையிரதம் வந்தது. பயணக் கொடுமை தணிந்தது உண்மையே. பயணத்தின் நோக்கமோ மாறவில்லை.

மண்டபத்தில் இலங்கை அரசாங்கம் ஒரு முகாமை நடத்தியது. தோட்டங்களுக்குச் செல்வோர் நோய்த்தடுப்பின் பெயரால் அங்கே சில நாட்கள் தடுத்து வைக்கப்பட்டனர், அம்மை குத்தப்பட்டனர், எண்ணப்பட்டுப் பிரித்து அனுப்பப்பட்டனர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து அவர்களது பயணச்சீட்டு ஒரு தகர வில்லையாக இருந்தது. தோட்டத்தின் அடையாளமும் இலக்கமும் பொறித்த அவ்வில்லையைக் கங்காணி ஊரிலேயே கொடுத்து விடுவார். அதைக் காட்டினால் வழி நெடுக எவரும் காசு கேட்கமாட்டார். ஆனால் தோட்டத்தை அடைந்ததும் அச்செலவு கடனாகப் பதியப்படும். கடன் தீராமல் தொழிலாளி தோட்டம் மாற இயலாது. வேறு தோட்டம் அவரை ஏற்க வேண்டுமாயின், கடன் தொகை எழுதிய 'துண்டு' என்னும் சீட்டுக்குப் பணம் கட்டவேண்டும். 1921இற் துண்டு முறை ஒழிக்கப்பட்டது. அதனையடுத்து வந்த சட்டங்கள் பயணச்செலவைத் தொழிலாளி தலையில் ஏற்றுவதையும் தடுத்தன. அதுவரை இப்பாதையில் மிக விலையுயர்ந்த சீட்டு முதல் வகுப்புச் சீட்டன்று. காசின்றிக் கிடைத்த அந்தத் தகர வில்லையே.

இங்குதான் இரு பயணங்களுக்குமிடையிலான வேறுபாடு தெளிவாகிறது. மாணவனும் வறியவனே, சிக்கனமாகவே பயணம் செய்தான். ஆயினும் அவனது சட்டைப்பையிற் திரும்பி வருவதற்கான சீட்டு இருந்தது. எதிர்வாங்கிலிருந்த தொழிலாளிக்கு எங்கே இறங்குவது என்பதைக்கூடப் பிறரே தீர்மானித்தனர். மலிவு என்ற சொல் இருவருக்கும் ஒரே பொருளைத் தரவில்லை.

1939ஆம் ஆண்டு ஓகஸ்டு மாதம் இந்திய அரசாங்கம் தொழிலாளர் இலங்கைக்குச் செல்வதைத் தடைசெய்தது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையக மக்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. கடவுச்சீட்டும் அனுமதியும் கட்டாயமாயின. ஒருகாலத்தில் அழைத்து வரப்பட்டோரின் பேரப்பிள்ளைகள் இதே மண்ணிற் பிறந்திருந்தும் 'கள்ளத்தோணி' என இழிக்கப்பட்டனர். அரசாங்கமே நடத்திய முகாமின் வழியாக, அரசாங்கத்தின் புகையிரதத்தில் வந்த ஒரு சமுதாயத்துக்கு இப்பெயர் சூட்டப்பட்டதைக் காட்டிலும் கொடிய நகைப்பு வேறில்லை. வெட்கத்துடன் சொல்லவேண்டிய ஒன்றும் உண்டு: இச்சொல்லை வழங்கியோருள் வடபுலத்துப் படித்த தமிழரும் இருந்தனர்.

1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆந் திகதி சிறிமாவோ, சாஸ்திரி ஆகிய இரு பிரதமரும் ஓர் ஒப்பந்தத்திற் கைச்சாத்திட்டனர். 975,000 மக்களுள் 525,000 பேரை இந்தியா ஏற்பது, 300,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்குவது, எஞ்சிய 150,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவு செய்வது என்பது ஏற்பாடு. அம்மக்களிடம் எவரும் கருத்துக் கேட்கவில்லை. இரண்டு மாதமும் கழியாத நிலையில், டிசம்பர் 22ஆந் திகதி இரவு அடித்த பெரும்புயல் தனுஷ்கோடியை அழித்தது. பாம்பனிலிருந்து சென்ற பயணிகள் வண்டி அலையில் அள்ளுண்டது. அதிலிருந்த நூற்றுக்கு மேற்பட்டோருள் எவரும் பிழைக்கவில்லை. பாம்பன் பாலம் 46 நாட்களிற் சீர்செய்யப்பட்டபோதும் தனுஷ்கோடிப் பாதை மீளவில்லை. கப்பல் இனி இராமேசுவரத்திலிருந்து புறப்பட்டது.

அக்கப்பலிலேயே ஒப்பந்தத்தின்படி மக்கள் அனுப்பப்பட்டனர். 1984 வரையில் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோர் சென்றனர். அண்ணன் ஒரு நாட்டுக்கும் தம்பி மறு நாட்டுக்குமாகக் குடும்பங்கள் பிரிந்தன. மலையகத்துப் புகையிரத நிலையங்களில் எழுந்த அழுகையைக் கேட்டவர்கள் அவ்வண்டிக்கு 'ஒப்பாரிக் கோச்சி' என்று பெயரிட்டனர். அக்கரையில் அவர்களை வரவேற்றது அதே மண்டபம் முகாம். பாட்டனை எண்ணி அனுப்பிய இடத்திலேயே பேரனும் எண்ணப்பட்டான்.

1980களிற் போர் மூண்டதோடு கப்பற்சேவை நின்றது. அதன்பின் உயிர் தப்பிப் படகேறிய அகதிகளையும் மண்டபமே ஏற்றது. 2003ஆம் ஆண்டின் சட்டம் இலங்கையில் எஞ்சிய மலையக மக்களின் நாடற்ற நிலையை முடிவுக்குக் கொண்டுவந்தது. 2015இல் தலைமன்னாருக்குப் புகையிரதம் மீண்டும் ஓடத் தொடங்கியது. 2025இற் பாம்பனிற் புதிய பாலம் திறக்கப்பட்டது. 2023இல் நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் கப்பல் விடப்பட்டது.

பாதைகள் மீள்வது நன்றே. நண்பர் கூடிக் குறைந்த செலவிற் கடல் கடந்து, மறு கரை மக்களை அறிந்து வருதல் இளைஞருக்குச் சிறந்த கல்வி என்பதில் ஐயமில்லை. ஆயினும் தலைமன்னார் இறங்குதுறையில் நிற்கும் மாணவன் ஒன்றை மறத்தலாகாது. அவன் பொழுதுபோக்காகக் காண விரும்பும் அக்கடல் பல இலட்சம் பேரை அவர்களது விருப்பத்தைக் கேளாமலே இரு திசையிலும் கொண்டு சென்றது. அவனது கையிலுள்ள திரும்பி வருவதற்கான சீட்டு ஒரு சிறு காகிதந்தான். அந்தக் காகிதம் இல்லாதிருந்த மக்களின் உழைப்பிலேயே இந்நாட்டின் செல்வத்திற் பெரும்பகுதி விளைந்தது.