மஆன்: ஹாஜிகளின் ஊரும் ஹிஜாஸ் இருப்புப் பாதையும்

 



ஆண்டுதோறும் ஹஜ்ஜுப் பெருநாளன்று குர்பானித் தோல்களைப் பள்ளிவாசலில் சேர்த்து, விற்று, அத்தொகையை வரவில் வைக்கிறோம். ஆண்டறிக்கையில் அது ஒரே ஒரு வரியாக வரும். படிப்போர் கண் அதில் நிற்பதில்லை. ஆனால் நூறு ஆண்டுகளுக்கு முன்னர் இத்தகைய தோல்களின் விலை, அரபுப் பாலைவனத்தில் தண்டவாளமாக நீண்டது என்பது வரலாறு. அந்தத் தண்டவாளம் ஒரு சிற்றூரைத் தொட்டது, உயர்த்தியது, பின்னர் உலுக்கியும் விட்டது. தெற்கு ஜோர்தானில் உள்ள மஆன் என்பதே அவ்வூர். அதன் வரலாற்றில் நம் போன்ற ஜமாஅத்துகளுக்குப் பாடம் ஒன்று இருப்பதால், அதனை இங்கே சுருக்கமாகத் தர விழைகிறோம்.

ஸஹாபாக்கள் தங்கிய ஊர்

மஆன் எனும் பெயர் ஸீரா நூல்களைப் பயின்றோருக்குப் புதியதன்று. ஹிஜ்ரி 8ஆம் ஆண்டு (கி.பி. 629) மூவாயிரம் பேர் கொண்ட முஸ்லிம் படை மூத்தா நோக்கிச் சென்றபோது, எதிரிகளின் பெருந்திரளைக் கேள்வியுற்று இரண்டு இரவுகள் தங்கி ஆலோசித்த இடம் மஆன்தான். மதீனாவுக்குக் கடிதம் எழுதி உத்தரவுக்குக் காத்திருக்கலாம் என்று சிலர் கருதினர். அப்துல்லாஹ் இப்னு ரவாஹா (ரலி) அவர்களோ உள்ளங்களுக்கு உரமூட்டினார்கள். படை முன்னேறியது. ஸைத் (ரலி), ஜஅஃபர் (ரலி), இப்னு ரவாஹா (ரலி) ஆகிய மூன்று தளபதிகளும் அடுத்தடுத்து ஷஹீதானார்கள்.

ரோமப் பேரரசின் சார்பில் மஆனையும் அதன் சுற்றுப்புறத்தையும் நிர்வகித்து வந்த ஃபர்வா இப்னு அம்ர் அல்ஜுதாமீ (ரலி) அவர்களும் நினைவுகூரத் தக்கவர்கள். அவர்கள் இஸ்லாத்தைத் தழுவி, அச்செய்தியை ஒரு தூதர் மூலம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்குத் தெரிவித்து, வெண்ணிறக் கோவேறு கழுதை ஒன்றையும் அன்பளிப்பாக அனுப்பி வைத்தார்கள். இதையறிந்த ரோமர்கள் அவர்களைச் சிறைப்பிடித்துக் கொன்றனர்.

ஹஜ் பயணிகளால் வாழ்ந்த ஊர்

பின்வந்த நூற்றாண்டுகளில், திமிஷ்க் எனும் டமாஸ்கஸிலிருந்து மதீனா செல்லும் ஹஜ் கூட்டத்தாரின் முக்கியத் தங்குமிடமாக மஆன் விளங்கிற்று. ஒட்டகங்களில் செல்லும் அப்பயணம் ஏறத்தாழ நாற்பது நாட்கள் நீளும். வழியிலுள்ள நீர்நிலைகளையும் ஹாஜிகளையும் காக்க உஸ்மானியர்கள் கோட்டைகள் கட்டினர். மஆனிலும் ஒன்று அமைந்தது.

1812ஆம் ஆண்டு அவ்வழியே சென்ற சுவிட்சர்லாந்துப் பயணி புர்க்ஹார்ட், இவ்வூரைப் பற்றி எழுதிய குறிப்புகள் கவனிக்கத் தக்கவை. ஹெப்ரோன், காஸா பகுதிகளிலிருந்து உணவுப் பொருட்களைத் தருவித்து ஹாஜிகளுக்கு விற்பதே மக்களின் பிழைப்பு என்கிறார். தங்கள் ஊரை மதீனாவின் முன்வாசலாகக் கருதி, அவர்கள் குர்ஆன் கல்வியில் பேரார்வம் காட்டினர் என்றும், பெரும்பாலோர் எழுதப் படிக்க அறிந்திருந்தனர் என்றும், பலர் பாலைவனக் கோத்திரத் தலைவர்களிடம் இமாம்களாகவும் எழுத்தர்களாகவும் பணியாற்றினர் என்றும் குறிப்பிடுகிறார். இமாமத் பணியிலிருக்கும் நமக்கு இதைப் படிக்கையில் அவ்வூர் மீது தனிப்பட்டதொரு பாசம் பிறக்கிறது.

உம்மத்தின் பணத்தில் ஒரு பாதை

1900ஆம் ஆண்டு மே மாதம், சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீது அவர்கள் ஹிஜாஸ் ரயில் திட்டத்தை அறிவித்தார்கள். ஹாஜிகளின் சிரமத்தை நீக்குவது அறிவிக்கப்பட்ட நோக்கம். தொலைவிலிருந்த ஹிஜாஸுக்குப் படைகளை விரைந்து அனுப்புவதும், கிலாஃபத்தின் பிடியை உறுதிப்படுத்துவதும் உடனிருந்த நோக்கங்கள். அந்நியக் கடனை நாடாமல், அரசு வருவாயையும் முஸ்லிம்களின் நன்கொடையையும் கொண்டே இதை முடிக்க வேண்டுமென்பது சுல்தானின் உறுதி.

நன்கொடைகள் குவிந்தன. எகிப்திலிருந்து வந்தன. இந்தியாவிலிருந்தும் வந்தன. பஞ்சாபைச் சேர்ந்த பத்திரிகையாளர் முஹம்மது இன்ஷா அல்லாஹ் அவர்கள் இத்திட்டத்திற்காக எழுதியும் நிதி திரட்டியும் பாடுபட்டார்கள். உஸ்மானிய அரசு ஊழியர்களின் சம்பளத்தில் ஒரு பகுதி பிடிக்கப்பட்டது. கொடையாளர்களுக்குப் பதக்கங்கள் வழங்கப்பட்டன. குர்பானித் தோல்கள் விற்ற பணமும் இந்நிதியில் சேர்க்கப்பட்டது. கட்டுமானச் செலவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நன்கொடையாகவே வந்ததென்பர்.

ஜெர்மானியரான மைஸ்னர் பாஷா தலைமைப் பொறியாளராக இருந்தார். உஸ்மானியப் படைவீரர்களே பெரும்பாலும் கூலியாட்களாக உழைத்தனர். 1904 செப்டம்பர் 1 அன்று, திமிஷ்கிலிருந்து சுமார் 460 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மஆன் வரையிலான பாதை விழாவுடன் திறக்கப்பட்டது. 1906இல் தபூக், 1907இல் மதாயின் ஸாலிஹ் எனப் பாதை நீண்டது. அதற்கப்பால் மதீனா வரையிலான பணி முஸ்லிம் பொறியாளர்கள் வசமே விடப்பட்டது. 1908 செப்டம்பர் 1 அன்று மதீனா நிலையம் திறக்கப்பட்டது. மொத்தம் சுமார் 1300 கிலோமீட்டர். நாற்பது நாள் பயணம் மூன்று, நான்கு நாட்களாகச் சுருங்கியது. அல்லாஹு அக்பர்!

மஆன் நிலையம் பெரிய சந்திப்பிடமாக உயர்ந்தது. இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் பட்டறையும், நீர்த்தொட்டிகளும், அலுவலர் குடியிருப்புகளும் எழுந்தன.

மறக்கப்பட்ட அண்டை வீட்டார்

இங்கே ஒரு செய்தியை நேர்மையுடன் எழுத வேண்டியுள்ளது. ஹிஜாஸ் ரயிலை அழித்தவர் ஆங்கிலேயர் லாரன்ஸ் என்றே மிம்பர்களில் நாம் சொல்லி வந்திருக்கிறோம். அது பாதி உண்மை மட்டுமே.

ரயில் வருவதற்கு முன்னர், ஹாஜிகளுக்கு ஒட்டகங்களை வாடகைக்கு விட்டும், வழிகாட்டியும், பாதுகாப்பளித்தும், அதற்கென அரசு வழங்கிய அன்பளிப்புத் தொகையைப் பெற்றும் பல கோத்திரங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வந்தன. ரயில் அவர்களின் பிழைப்பின் குறுக்கே வந்தது. மாற்று வழி என்ன என்பதற்கு அவர்கள் மனம் நிறையும் பதில் கிடைக்கவில்லை. 1908இலேயே மதீனாவை அடுத்த பகுதியில் கட்டுமானப் பணியாளர்கள் தாக்கப்பட்டனர். 1910இல் கரக் பகுதியில், கட்டாய இராணுவச் சேவை, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முதலியவற்றை எதிர்த்து எழுந்த கிளர்ச்சியில் ரயில் நிலையங்களும் தாக்கப்பட்டன. லாரன்ஸ் அப்போது அங்கே இல்லை. பாதையை மக்கா வரை கொண்டு செல்லும் எண்ணமும் எதிர்ப்பினால் நிறைவேறாமலே போயிற்று.

1916 ஜூனில் ஷரீஃப் ஹுஸைன் கிளர்ச்சிக்குக் கிளம்பியபோது, பாதையைத் தகர்க்கும் கைகள் முன்பே ஆயத்தமாயிருந்தன. வெடிமருந்தும் பொன்னும் ஆங்கிலேயரிடமிருந்து வந்தன. மனத்தாங்கல் நம்மவரிடமே இருந்தது.

போரும் இழப்பும்

முதல் உலகப் போர்க் காலத்தில் நிலக்கரி வரத்து நின்றது. இயந்திரங்களை ஓட்ட விறகு தேவைப்பட்டது. மஆனுக்கு வடக்கே உனைஸாவிலிருந்து ஷோபக் பகுதிக் காட்டை நோக்கிக் கிளைப் பாதை ஒன்று போடப்பட்டது. பல்லாண்டுகள் வளர்ந்த கருவாலி மரங்கள் வெட்டப்பட்டு அடுப்புக்கு இரையாயின.

1918 ஏப்ரலில் அரபுப் படை மஆன் நிலையத்தைத் தாக்கியது. உஸ்மானியக் காவற்படை ஊரை விட்டுக் கொடுக்கவில்லை. இரு தரப்பிலும் மாண்டவர்கள் கலிமாச் சொன்னவர்களே! ஆனால் அதே வாரங்களில் மஆனுக்குத் தெற்கே முதவ்வரா வரையிலான பாதை பெருமளவு தகர்க்கப்பட்டு, மதீனாவுடனான தொடர்பு அறுந்தது. செப்டம்பரில் காவற்படை மஆனை விட்டு வெளியேறியது. மதீனாவைக் காத்து நின்ற ஃபக்ரி பாஷாவின் படை 1919 ஜனவரியில்தான் பணிந்தது. உம்மத்தின் தோல் காசிலும் சம்பளக் காசிலும் உருவான பாதை பத்து ஆண்டுகள்கூட முழுமையாக ஓடவில்லை.

1920 நவம்பரில் அமீர் அப்துல்லாஹ் மஆன் வந்து, ரயில் நிலைய வளாகத்திலேயே தங்கினார். அடுத்த ஆண்டு மார்ச்சில் அம்மான் சென்றார். இன்றைய ஜோர்தான் அரசின் தொடக்கம் அந்நிலையக் கட்டடத்தில் என்றால் மிகையாகாது. 1925இல் மஆன் ஹிஜாஸிலிருந்து பிரிந்து டிரான்ஸ்ஜோர்தானுடன் இணைக்கப்பட்டது. 1960களில் தொடங்கிய மறுசீரமைப்புப் பணி 1967 போரினால் நின்றது. 1975இல் அகபா துறைமுகத்திற்குப் பாதை போடப்பட்டபோது, ஹாஜிகளுக்காக அமைத்த தடத்தின் ஒரு பகுதியில் பாஸ்பேட் சுமந்த வண்டிகள் ஓடின. 1989 ஏப்ரலில் எரிபொருள் விலை உயர்வை எதிர்த்து இவ்வூரில் எழுந்த போராட்டம் பிற நகரங்களுக்கும் பரவி, பிரதமர் பதவி விலக நேர்ந்தது. பிழைப்பில் கை வைக்கப்படும்போது பேசாதிருக்கும் ஊரன்று மஆன்.

நமக்குரிய பாடம்

அன்பார்ந்த ஜமாஅத்தார்களே! உம்ராவுக்குச் செல்லும் நம்மவர்கள் 2018இல் திறக்கப்பட்ட ஹரமைன் அதிவேக ரயிலில் மக்காவுக்கும் மதீனாவுக்கும் இடையே பயணம் செய்கின்றனர். அவர்கள் மதீனாவில் அன்பரிய்யா பள்ளிவாசலின் அருகிலுள்ள பழைய ரயில் நிலையத்தையும் ஒருமுறை சென்று காண வேண்டுகிறோம். அது இப்போது அருங்காட்சியகம். ஏழைகளின் காணிக்கை எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கும், எங்கே அறுந்து போகும் என்பதற்கும் அது சாட்சி.

பொதுப் பணத்தில் கட்டடம் எழுப்பிவிடலாம். நிதி தந்தோரின் பெயர்களைக் கல்லில் பொறித்துவிடலாம். அக்கட்டடத்தால் எவருடைய வழி அடைபடுகிறது, எவருடைய கடை மறைகிறது, எவருடைய மனம் புண்படுகிறது என்பதைக் கேட்டுத் தீர்வு காணாவிட்டால், அதன் அஸ்திவாரத்தில் நாமே வெடிமருந்து வைத்தவர்களாவோம். மஹல்லாவில் எந்தப் பணியைத் தொடங்கினாலும், தருபவரிடம் செல்வதற்கு முன்னர், அதனால் இழப்பவரின் வீட்டு வாசலுக்கு ஒருமுறை செல்வோம். அதுவும் அமானிதத்தைப் பேணுவதில் அடங்கும்.

வல்ல நாயன் நம் ஒற்றுமையையும், நம் முன்னோர் விட்டுச் சென்ற வக்ஃபுகளையும் கியாம நாள் வரை பாதுகாத்தருள்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.